ஓர் எண்ணுக்கு இரண்டு வேலை கொடுக்காதீர்கள்: போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடுவோருக்கும் கட்டணம் நிர்ணயிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். விரைவுப் பேருந்துத் தடம், புதிய மெட்ரோ வழி, நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் இரயிலோடு கூடுதலாக ஒரு விரைவு இரயில் என்று நீங்கள் எதைத் திட்டமிட்டாலும், அதற்கு முன்னதாகப் பயணிகளிடம் ஒரு கருத்தாய்வு நடத்த ஏற்பாடு செய்கிறீர்கள். சில மாதங்களில் தடித்த அறிக்கை ஒன்று வந்து சேர்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தை மிச்சப்படுத்துவதற்குப் பயணிகள் சராசரியாக இவ்வளவு தொகை செலுத்த முன்வருகிறார்கள் என்று அதன் சுருக்கப் பக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். மற்றப் பக்கங்களைப் புரட்டுவோர் அரிது. அந்த எண் மட்டும் கோப்பிலிருந்து கோப்புக்குத் தாவிக்கொண்டே இருக்கும், அது குறிக்கும் பயணிகளைவிட வேகமாக.

இத்தகைய ஆய்வுகளின் தரவுகளைக் கையாளும் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலும், நாள்தோறும் பொதுப் போக்குவரத்தை நம்பி வேலைக்குச் செல்பவன் என்ற முறையிலும் இந்த மடலை எழுதுகிறேன். என் முறையீடு ஒன்றுதான். அந்த எண்ணை நீங்கள் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறீர்கள். திட்டத்தால் மக்களுக்குக் கிடைக்கும் நன்மை அதற்கு ஆகும் செலவைவிடப் பெரிதா என்று பார்ப்பது முதல் வேலை. திட்டம் முடிந்தபின் பயணச்சீட்டுக்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்று பார்ப்பது இரண்டாவது. முதல் வேலைக்காக அளக்கப்பட்ட எண்ணை இரண்டாவது வேலைக்கு எடுத்தால் கட்டணம் தவறாகிவிடும். இரண்டாவது வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு மக்களிடம் கேள்வி கேட்டால் முதல் எண்ணே கெட்டுவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் முயற்சியில் இங்கே இரண்டுமே தப்பிவிடுகின்றன.

இந்த வேறுபாடு நேற்று முளைத்ததன்று. பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஜூல் துப்புயி 1844-ஆம் ஆண்டிலேயே பாலங்களையும் சாலைகளையும் முன்னிறுத்தி இதைப் பற்றி எழுதினார். ஒரு பாலத்தைக் கடப்பவர் செலுத்தும் சுங்கம் அந்தப் பாலம் அவருக்குத் தரும் பயனின் அளவாகாது. அதற்கு மேலும் அவர் கொடுக்கத் தயாராக இருந்திருக்கக்கூடும். சுங்கத்தை உயர்த்த உயர்த்த, பாலத்தால் சிறு பயன் மட்டுமே பெறுபவர்கள் கடப்பதை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் இழந்த பயன் எவர் கணக்கிலும் வரவாக ஏறுவதில்லை. சுங்கமே இல்லாத பாலம் வருவாய் எதையும் ஈட்டாவிட்டாலும், மக்களுக்கு மிகுந்த பயனைத் தருவது அதுதான். ஒருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகைக்கும் உண்மையில் கொடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் நுகர்வோர் உபரி என்று பொருளியலார் இன்று அழைக்கிறார்கள். அக்கருத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இலண்டன் நிலத்தடி இரயிலின் விக்டோரியா வழித்தடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொருளியலாளர்கள் கிறிஸ்டோபர் ஃபாஸ்டரும் மைக்கேல் பீஸ்லியும் அந்த வழித்தடத்தின் சமூக நன்மைகளைக் கணக்கிட்டு 1963-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பயணச்சீட்டு வருவாயை மட்டும் பார்த்தால் அந்தத் தடம் நட்டக் கணக்காகவே தோன்றியது. மிச்சமாகும் நேரத்தையும் குறையும் நெரிசலையும் மதிப்பிட்டுச் சேர்த்தபோது அதைக் கட்டுவது நியாயம் என்று தெரிந்தது. நன்மையின் பெரும் பங்கு அந்தத் தடத்தில் ஏறப்போகிறவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை என்பது அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி. சாலையில் வாகனம் குறைந்ததால் காரில் செல்பவருக்கும், பழைய தடங்களில் கூட்டம் குறைந்ததால் அங்கேயே தொடர்ந்து செல்பவருக்கும் அது போய்ச் சேரும் என்று கணக்கு காட்டியது. புதிய இரயிலில் ஏறாதவரிடம் புதிய இரயிலுக்கான கட்டணத்தை யாரும் வசூலிக்க முடியாது. நன்மையின் கணக்கும் வசூலின் கணக்கும் தனித்தனிப் பேரேடுகளில் எழுதப்பட வேண்டியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சராசரி என்னும் ஒற்றை எண் என்ன செய்யும் என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் காட்ட விரும்புகிறேன். ஐந்து பயணிகள் இருப்பதாகக் கொள்வோம். இருபது நிமிடம் விரைவாகச் செல்வதற்கு இப்போதைய கட்டணத்துக்கு மேல் அவர்கள் கொடுக்க முன்வரும் தொகை முறையே 0, 0, 5, 10, 60 பண அலகுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75, சராசரி 15. நன்மைக் கணக்கில் 75 என்று எழுதுவது சரியே. ஆனால் சராசரி 15 என்பதால் கட்டணத்தையும் 15 அலகு உயர்த்தலாம் என்று முடிவு செய்தால், அதைக் கொடுத்து ஏறப்போகிறவர் ஐவரில் ஒருவர் மட்டுமே. எதிர்பார்த்த வருவாய் 75, கிடைப்பதோ 15. உயர்வை 5 அலகோடு நிறுத்தினாலும் அதே 15 கிடைக்கும், மூவர் வண்டியில் இருப்பார்கள். வருவாய்தான் குறி என்றால் உயர்வை 60 அலகாக வைத்து, நான்கு பேரை வெளியே நிறுத்திவிட்டு, ஒருவரிடம் மட்டும் வசூலிப்பதே அதிக இலாபம். எந்தப் பொதுப் போக்குவரத்து ஆணையமும் இதை வெளிப்படையாகத் தன் நோக்கம் என்று எழுதிவைக்காது. ஆயினும் மேல்தட்டுச் சிலரின் பெரிய எண்கள் சராசரியைத் தூக்கி நிறுத்தும்போது, அந்தச் சராசரியைப் பின்பற்றும் கட்டணம் அந்தத் திசையில்தான் நகரும். தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை மதிப்பு இங்கே 5 தான். அறிக்கைகளில் சராசரியின் பக்கத்தில் இடைநிலை மதிப்பையும் நான் தேடுவதுண்டு, பெரும்பாலும் ஏமாற்றமே.

அந்த இரண்டு சுழியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வுப் பணியாளர் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் கையடக்கக் கணினியுடன் வருகிறார். “பேருந்து இருபது நிமிடம் சீக்கிரமாகப் போனால் கூடுதலாக எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்கிறார். அந்தப் பெண், “கட்டணத்தை ஏற்றப்போகிறீர்களா?” என்று திருப்பிக் கேட்கிறார். பணியாளர் தனக்குத் தெரியாது என்கிறார். பெண் சற்று யோசித்து, “ஒன்றும் தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வரும் பேருந்தின் எண்ணைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார். திரையில் சுழியம் பதிவாகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருபது நிமிடம் அருமையானதாக இருக்கலாம். இந்தக் கேள்வி கட்டண உயர்வுக்கு முன்னோட்டம் என்று அவர் கணித்திருக்கலாம். அரசின் கடமைக்கு நான் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்ற எதிர்ப்பாகவும் அது இருக்கலாம். கையில் உண்மையிலேயே பணம் இல்லாமலும் இருக்கலாம். மூன்றும் ஒரே சுழியமாகத்தான் பதிவாகும். இதற்கு நேர்மாறானவரும் உண்டு. தன் வீட்டருகே இரயில் வர வேண்டும், கருத்தாய்வு நல்லபடி முடிந்தால்தான் வரும் என்று நினைப்பவர் தாராளமாக ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிடுவார். சொல்வதற்குச் செலவில்லை அல்லவா? இருவரும் பொய்யர்கள் அல்லர். கேள்வியின் பின்னால் இருக்கும் நோக்கத்தை ஊகித்து, அதற்கேற்ப நடந்துகொண்ட அறிவாளிகள். கட்டணத்துக்கும் மதிப்பீட்டுக்கும் ஒரே கேள்வியைப் பயன்படுத்தும் வழக்கம் நீடிக்கும்வரை, மக்கள் இப்படி ஊகிப்பதும் நீடிக்கும்.

நேரடியாகத் தொகையைச் சொல்லச் சொல்வது நம்பகமற்றது என்பதைச் சூழலியல் துறையில் இருப்பவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே விவாதித்துவிட்டார்கள். இயற்கை வளங்களுக்கு நேரும் சேதத்தை மக்களின் விருப்பத் தொகையால் அளக்கலாமா என்பதைப் பரிசீலிக்க அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று அமைத்த குழு, கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகிய இரு பொருளியலாளர்களின் தலைமையில் 1993-இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. எவ்வளவு தருவீர்கள் என்று வெறுமனே கேட்பதை விடுத்து, ஒரு குறிப்பிட்ட தொகையை முன்வைத்து, வாக்கெடுப்பைப் போல ஆம் அல்லது இல்லை என்ற பதிலைப் பெற வேண்டும் என்றது அந்தக் குழு. அந்தத் தொகையைக் கொடுத்தால் வேறு செலவுகளுக்குக் கையிருப்பு குறையும் என்பதைப் பதிலளிப்பவருக்கு நினைவூட்ட வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டு எளிய ஏற்பாடுகளும் இல்லாத போக்குவரத்து வினாத்தாள்களை இன்றும் பார்க்க நேர்வது வியப்பாக இருக்கிறது.

இதைவிட நல்ல வழி, பயணியைத் தெரிவு செய்யச் சொல்வது. அவர் கையில் ஓர் அட்டை கொடுக்கப்படுகிறது. இடப்பக்கம் 55 நிமிடம், 20 அலகு கட்டணம். வலப்பக்கம் 35 நிமிடம், 32 அலகு கட்டணம். எதில் செல்வீர்கள் என்பது மட்டுமே கேள்வி. விரைவான வண்டிக்கு 12 அலகு அதிகம். மிச்சமாவது 20 நிமிடம். அதாவது மணிக்கு 36 அலகு. அவர் மெதுவான வண்டியையே தேர்ந்தால் அவருடைய ஒரு மணி நேரம் 36 அலகுக்குக் கீழே மதிப்புடையது. அடுத்த அட்டையில் விரைவு வண்டிக்கு 40 நிமிடம், 26 அலகு என்று இருந்து, இப்போது அவர் அதைத் தேர்ந்தால், மணிக்கு 24 அலகாவது கொடுக்க அவர் தயார். இரண்டு அட்டைகளிலேயே அவருடைய மதிப்பை 24-க்கும் 36-க்கும் இடையே பிடித்துவிடுகிறோம். இங்கே எவ்வளவு தருவீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேள்வியின் நோக்கத்தை ஊகித்துப் பதிலைத் திரிக்கும் வாய்ப்பு முற்றிலும் மறையாவிட்டாலும் வெகுவாகக் குறைகிறது. இவ்வாறு பலரிடம் பெற்ற தெரிவுகளை லாஜிட் போன்ற, தெரிவுகளின் நிகழ்தகவைக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரியில் இட்டால், ஒரு நிமிடம் கூடுவதால் வரும் வெறுப்பும் ஒரு அலகு கட்டணம் கூடுவதால் வரும் வெறுப்பும் தனித்தனிக் கெழுக்களாக, அதாவது அவற்றின் அளவைக் காட்டும் எண்களாக, கிடைக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நேரத்தின் மதிப்பு.

அட்டையில் எழுதிய தெரிவைவிட, காலில் நடந்து காட்டிய தெரிவுக்கு எடை அதிகம். பொருளியலாளர் டேனியல் மெக்ஃபாடனும் அவருடைய குழுவினரும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பார்ட் இரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, அங்கே வேலைக்குச் செல்வோர் அன்றாடம் உண்மையில் எதில் சென்றார்கள், எவ்வளவு நேரமும் பணமும் செலவழித்தார்கள் என்ற தரவைத் தனிமனித அளவில் திரட்டினார்கள். வேலைக்கான பயணங்களில் 6.3 விழுக்காடு இரயிலுக்கு வரும் என்று அவர்களுடைய மாதிரி முன்கூட்டிச் சொன்னது. அதிகாரபூர்வக் கணிப்போ 15 விழுக்காடு. நடந்தது 6.2. இப்பணி உள்ளிட்ட தெரிவுக் கோட்பாட்டு ஆய்வுகளுக்காக அவர் 2000-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசை ஜேம்ஸ் ஹெக்மனோடு பகிர்ந்துகொண்டார். அவ்வளவு நெருங்கிய கணிப்பில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். எனவே இரயில் வருவதற்கு முன்பு உண்மையான பயணங்களின் தரவையும், இன்னும் இல்லாத சேவைக்குத் தெரிவு அட்டைகளையும் ஒன்றிணைத்துப் பார்ப்பதே இன்று இத்துறையினரின் பொதுவான நடைமுறை. நேரடிக் கேள்வி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பல்லாண்டுத் திட்டங்களைத் தீர்மானிப்பதை இனியும் நியாயப்படுத்த இயலாது.

விரைவு என்றால் எந்த நிமிடங்கள் என்பதில்தான் அறிக்கைகள் மிகவும் சறுக்குகின்றன. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடமும், நிறுத்தத்தில் வண்டி எப்போது வருமோ என்று நிற்கும் ஒரு நிமிடமும் பயணிக்கு ஒன்றல்ல. காத்திருக்கும் நேரத்தையும் நடக்கும் நேரத்தையும் வண்டிக்குள் செல்லும் நேரத்தைப்போல ஏறத்தாழ இருமடங்காக எடையிடுவது பல நாடுகளின் மதிப்பீட்டு வழக்கம். நெரிசலில் நின்றபடி செல்லும் நிமிடத்துக்கும் உட்கார்ந்து செல்லும் நிமிடத்தைவிட எடை கூடுதல். வண்டி மாறும் ஒவ்வொரு முறைக்கும் தனியே ஒரு சுமை. இந்த எடைகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வண்டியை விரைவாக்க, நிறுத்தங்களில் பாதியை நீக்குகிறீர்கள். வண்டிக்குள் 4 நிமிடம் மிச்சம். ஆனால் நிறுத்தம் தள்ளிப்போனதால் ஒருவர் 3 நிமிடம் கூடுதலாக நடக்கிறார். கடிகாரப்படி அவருக்கு 1 நிமிடம் இலாபம். எடையிட்டுப் பார்த்தால் 4 வந்து 6 போய், 2 நிமிடம் நட்டம். முழங்கால் வலியுள்ள முதியவருக்கு நட்டம் இன்னும் பெரிது. அறிக்கையோ இதை விரைவுச் சேவை என்று வகைப்படுத்தி, அதற்குக் கூடுதல் கட்டணத்தையும் பரிந்துரைக்கும்.

மாறாக, ஓட்டுநர் ஒரு கிலோமீட்டர்கூட வேகத்தைக் கூட்டாமல் பயணத்தை விரைவாக்கவும் வழி உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒன்று வந்த பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் காத்திருப்பு பாதியாகும். அது இருமடங்கு எடையுள்ள நேரம். பயணிகள் பெருகினால் சேவையின் அடர்த்தியைக் கூட்டலாம், அடர்த்தி கூடினால் ஏற்கெனவே பயணம் செய்பவர்களின் காத்திருப்பும் குறையும் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் விளக்கினார். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. புதிதாக ஏறும் ஒவ்வொரு பயணியும் மற்றவர்களுக்கு நேரத்தை ஈட்டித் தருகிறார். கட்டணத்தை உயர்த்தி அவரை விரட்டினால், எஞ்சியவர்களின் காத்திருப்பும் நாளடைவில் கூடும். செலுத்த முன்வரும் தொகையைப் பயணியின் சட்டைப்பையோடு நிறுத்திக்கொள்ளும் கணக்கில் இந்த இழப்பு எந்தப் பத்தியிலும் வராது.

நம்பகத்தன்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தின் ஐந்து நாள்களில் நான்கு நாள் 40 நிமிடமும் ஒரு நாள் 70 நிமிடமும் எடுக்கும் வழித்தடத்தின் சராசரி 46 நிமிடம். ஐந்து நாளும் 46 நிமிடமே எடுக்கும் வேறொரு வழித்தடத்தின் சராசரியும் அதுவே. கருத்தாய்வின் பார்வையில் இரண்டும் ஒன்று. ஆனால் தாமதமானால் அரை நாள் கூலியை இழக்கும் தொழிலாளி முதல் வழித்தடத்துக்கு எல்லா நாளும் 70 நிமிடம் முன்னதாகவே வீட்டைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். அவருக்கு இரண்டாவது வழித்தடம் நாளுக்கு 24 நிமிடத்தைத் திருப்பித் தருகிறது. அதற்கு அவர் எதையேனும் கொடுக்க முன்வருவார் என்றால், அது வேகத்துக்கான தொகை அன்று, அச்சமின்மைக்கான தொகை. வினாத்தாளில் இதற்கென்று ஒரு கேள்வியும் இல்லாவிட்டால், அந்த மதிப்பு முழுவதும் வேகத்தின் பேரில் தவறாகப் பதிவாகும், அல்லது பதிவாகாமலே போகும்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் விடையை மாற்றும். ஓடும் வண்டியில் ஏறி, கண்ணில் பட்டவரிடம் கேட்டால், வாரத்துக்குப் பத்து முறை செல்பவர் ஒரு முறை செல்பவரைவிடப் பத்து மடங்கு எளிதாக உங்கள் மாதிரிக்குள், அதாவது நீங்கள் கேட்கும் பயணிகளின் தொகுப்புக்குள், வந்துவிடுவார். ஒருவர் பயணம் செய்யும் தடவைகளுக்கு எதிர்விகிதமாக அவர் பதிலை எடையிட்டால் ஒழிய அந்த மாதிரி நகரத்தைக் காட்டாது. சேவை மோசமாக இருந்ததால் ஏற்கெனவே இருசக்கர வாகனத்துக்குப் போய்விட்டவரும், கட்டணம் கட்டுப்படியாகாததால் நடந்தே செல்பவரும் அந்த வண்டியில் இருக்கவே மாட்டார்கள். விரைவுச் சேவை வந்தால் திரும்பி வரக்கூடியவர் முதலாமவர். கட்டணம் உயர்ந்தால் என்றென்றைக்கும் வர முடியாதவர் இரண்டாமவர். உங்களுக்கு மிகவும் வேண்டிய இரண்டு பதில்களும் வண்டிக்கு வெளியே இருக்கின்றன. வேலை, குழந்தையின் பள்ளி, மருந்துக்கடை, வயதான பெற்றோரின் வீடு என்று ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு உடைத்து உடைத்துப் பயணம் செய்யும் பெண்களை, ‘வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு’ என்ற ஒற்றை வரியில் அடைக்கும் படிவங்களைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

பணம் உள்ளவர் அதிகம் கொடுப்பார், இல்லாதவர் குறைவாகக் கொடுப்பார் என்பது யாருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் கவனிக்காமல் விடும் பகுதியும் அதுவே. ஒரு துப்புரவுப் பணியாளரின் இருபது நிமிடம் ஒரு மேலாளரின் இருபது நிமிடத்தைவிடக் குறைந்த தொகையாகப் பதிவானால், அவர் நேரத்தை அருமையாகக் கருதவில்லை என்று பொருளாகாது. அவருக்கு ஒவ்வொரு காசும் அருமையானது என்றே பொருள். அளவீட்டில் வகுக்கும் எண் கட்டணத்தின் கெழு என்பதையும், காசு அருமையானவருக்கு அந்தக் கெழு பெரிது என்பதையும் நினைவில் கொண்டால் இது விளங்கும். பதிவான தொகைகளை அப்படியே வைத்துத் திட்டங்களை வரிசைப்படுத்தினால், வசதியான பகுதிகளுக்கு விரைவு இரயிலும் மற்றப் பகுதிகளுக்குப் பழைய பேருந்துமே எப்போதும் வெல்லும். இதைத் தவிர்க்கத்தான் பிரிட்டனின் அதிகாரபூர்வ மதிப்பீட்டு முறையில் வேலைக்குச் சென்றுவரும் நேரத்துக்கு வருமானம் பார்க்காமல் ஒரே மதிப்பு பயன்படுத்தப்படுகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலும் உள்ளூரில் சொந்தத் தேவைக்காகச் செய்யும் பயணத்தின் ஒரு மணி நேரத்துக்கு, நாட்டின் இடைநிலைக் குடும்ப ஆண்டு வருமானத்தை ஆண்டின் வேலை மணிகளால் வகுத்து, அதில் பாதியை எல்லாருக்கும் பொதுவாக வைக்கிறது. நன்மையை அளக்க வேண்டுமென்றே சமப்படுத்தப்பட்ட மதிப்பு இது. இதையே கட்டணத்துக்கு அடிப்படையாக்கினால், ஏழையின் நேரத்தை மதிப்பதற்காக உயர்த்திய எண்ணைக் கொண்டே ஏழையிடம் அதிகம் வசூலித்ததாகிவிடும். இரண்டு பேரேடுகளைக் கலக்கக்கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

கட்டணத்தைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் அதற்கென்று வேறு சான்று இருக்கிறது: கட்டணம் மாறியபோதெல்லாம் பயணிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற பதிவு. கட்டணம் 10 விழுக்காடு உயர்ந்தால் பயணிகள் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவார்கள் என்பது இத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் தோராய விதி. அப்படியானால் வருவாய் 6.7 விழுக்காடு கூடும். உயர்வு வெற்றி என்று அறிக்கை வந்துவிடும். ஆனால் அந்த விதி குறுகிய காலத்துக்கானது. ஆண்டுகள் செல்லச் செல்ல மக்கள் வாகனம் வாங்குகிறார்கள், வீடு மாற்றுகிறார்கள், வேலை மாற்றுகிறார்கள். நீண்டகால விளைவு இருமடங்காகவும் அதற்கு மேலாகவும் இருக்கும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இழப்பு 6 விழுக்காடானால் வருவாய் உயர்வு 3.4 ஆகச் சுருங்கும். தவணையில் வண்டி வாங்கியவர், கட்டணத்தைப் பின்னர் குறைத்தாலும் எளிதில் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்புவதில்லை. முதல் ஆண்டுக் கணக்கைக் காட்டி, பார்த்தீர்களா, மக்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள் என்று சொல்வது அவசர முடிவு. வேறு போக்கில்லாதவர் கொடுப்பதை விருப்பம் என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமும் இல்லை.

கடைசியாக, அந்த எண்ணின் உறுதியைப் பற்றி. நேர மதிப்பு என்பது இரண்டு மதிப்பீடுகளின் வகுத்தல் என்று மேலே சொன்னேன். எடுத்துக்காட்டாக நானே எழுதும் எண்களைப் பாருங்கள். நேரத்தின் கெழு நிமிடத்துக்கு 0.03, கட்டணத்தின் கெழு அலகுக்கு 0.06. வகுத்தால் நிமிடத்துக்கு 0.5, அதாவது மணிக்கு 30 அலகு. கட்டணக் கெழுவில் 0.02 அளவுக்குப் பிழை இருக்கலாம் என்றால், அது 0.08 ஆகும்போது மணிக்கு 22.5, 0.04 ஆகும்போது 45. பிழை அதைப்போல் இருமடங்காகிக் கெழு 0.02 என்று சரிந்தால் 90. கீழ்நோக்கிச் சிறிது, மேல்நோக்கி ஏராளம் என்று ஒருபக்கமாக நீளும் இடைவெளி இது. சிறிய மாதிரியில் நடத்திய ஆய்வுகளில் பெரிய எண்கள் எளிதில் தோன்றுவதற்கும், அவை ஒப்பந்தக்காரருக்கும் திட்டத்தை விரும்புவோருக்கும் இனிப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். பெருந்திட்டங்களை ஆராயும் பென்ட் ஃப்ளுப்யரும் உடனாய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து இரயில் திட்டங்களில் ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை மிகைப்படுத்திக் கணிக்கப்பட்டிருந்ததையும், அந்த மிகையின் சராசரி 106 விழுக்காடு என்பதையும் காட்டினார்கள். அவ்வளவும் கணக்குப் பிழை என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வன இவை. திட்டத்தின் நன்மையை அளக்கும் ஆய்வையும் கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஆய்வையும் வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படையுங்கள். முதலாவதன் எண்ணை இரண்டாவதன் கோப்பில் மேற்கோள் காட்டக்கூடாது என்று எழுத்து வடிவில் விதி செய்யுங்கள். கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பயணியிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், கட்டணத்துக்காக இல்லையென்றால் இல்லை என்றும், ஆம் என்றால் ஆம் என்றும். சொன்னதை மீறாமல் இருந்தால் மட்டுமே அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்வார். வினாத்தாளையும், தெரிவு அட்டைகளையும், அடையாளம் நீக்கிய பதில்களையும் அறிக்கையோடு வெளியிடுங்கள். சராசரியை அச்சிடும் இடத்தில் இடைநிலை மதிப்பையும், உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளைக் காட்டும் நம்பக இடைவெளியையும், வருமான வகுப்புவாரியான பகிர்வையும், சுழியம் சொன்னவர்களின் காரணங்களையும் அச்சிடுங்கள். சேவை தொடங்கி மூன்றாம் ஆண்டு முடிவில் கணித்த பயணிகள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை, கணித்தவர்களின் பெயரோடு, பொதுவில் வையுங்கள்.

ஏற்கெனவே நடந்துமுடிந்த ஆய்வுகளின் எண்ணைக் கொண்டு கட்டண உயர்வு ஏதேனும் இப்போது உங்கள் பரிசீலனையில் இருந்தால், அந்த ஆய்வின் வினாத்தாளில் பயணியிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். சேவையை மேம்படுத்துவதற்காக என்று அதில் எழுதியிருந்தால், அந்த உயர்வை நிறுத்திவைத்து, கட்டணத்துக்கென்று தனியே ஆய்வு செய்யும்படி வேண்டுகிறேன். உங்கள் பதிலை, அது மறுப்பாகவே இருந்தாலும், காரணங்களோடு பொதுவெளியில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தரவுகளோடு பணிபுரியும் ஒரு பயணி